இழுக்கிற பலமும் சுமக்கிற பலமும்

ஹார்லன் சொன்னது ஒரே ஒரு பொய்தான். அமெரிக்காவின் மான்டானாவில், வண்டியில் மாட்டி இழுத்துப் போகும் வீடான கேம்பரைப் பழையதாக விற்கிற எவர் வாயிலும் வரக்கூடிய பொய்.

"ஒரு சொட்டுகூட ஒழுகினதில்ல தம்பி. என்னை நம்பலாம்."

வாங்க வந்தவன் கோல்ட்டன். ஷூவைக் கழற்றி வாசற்படியில் வைத்துவிட்டு, சாக்ஸ் காலோடு கேம்பரின் தரையை மூலை மூலையாக மிதித்துப் பார்த்தான். முதல்முறையாக வாங்குகிறவன்தான், ஆனால் கோடை முழுக்க வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தேறியிருந்தான். கூரை மேல் ஏறினான். டயர்கள் எந்த வருஷத்தவை என்று குனிந்து படித்தான். கடைசியில், கட்டிலுக்கு மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கினான். பாலில் ஊறிய ரொட்டி மாதிரி பலகை உள்ளே போனது.

"இது என்ன பெரியவரே, வண்டிக்கு வேர்த்திருக்கோ?"

அவன் மனைவி மரிஸா வாய்விட்டுச் சிரித்தாள். ஹார்லனுக்கு முகம் செத்துவிட்டது. மறுபேச்சில்லாமல் விலையைக் குறைத்தார்.

"விக்கிறவன் சொல்ற எதையும் நம்பாதேன்னு வீடியோவுல படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றான் கோல்ட்டன். அவனுக்கு ஒரே பெருமை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கேம்பரை இத்தனை தட்டிப் பார்த்தவன், அதை இழுத்துப் போகத் தான் ஓட்டி வந்த பிக்கப் டிரக்கை ஒருதரமும் நினைத்துப் பார்க்கவில்லை. முற்றத்தில் அது நுழைந்தபோதே ஹார்லன் கவனித்துவிட்டார். சின்னப் பிக்கப். இந்த வகை கேம்பர் மற்றவை போல வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வராது. கழுத்தைக் கொண்டுவந்து பிக்கப்பின் முதுகில், பின்னால் இருக்கும் திறந்த தொட்டியில் வைத்து, பாரத்தில் ஒரு பங்கை அதன்மேல் ஏற்றிவிடும். அதைத் தாங்க வேறு வண்டி வேண்டும். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் வியாபாரம் கெட்டுவிடும், இன்னொரு பனிக்காலம் இந்தச் சனியனோடு மாரடிக்க வேண்டும் என்ற நினைப்பு வாயைக் கட்டிவிட்டது. கையெழுத்தாகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். பாவி மனிதர்.

கையெழுத்தானது. கேம்பரைப் பிக்கப்பில் மாட்டி, அதன் முன்கால்களை மடக்கியதும் பிக்கப்பின் பின்பக்கம் அப்படியே குந்திவிட்டது. முன்பக்கம் வானத்தைப் பார்த்தது.

"தம்பி, இதோட கணவாய் தாண்டாதே. இறக்கத்துல ஸ்டியரிங் உன் பேச்சைக் கேக்காது."

"கம்பெனி புத்தகத்துல போட்டிருக்கு. இந்த எடையை இழுக்கும்."

"இழுக்கிற பலம் வேற, முதுகுல சுமக்கிற பலம் வேறப்பா. என் பெரிய வண்டி நிக்குது பாரு. நானே இழுத்துட்டு வந்து, இடாஹோவுல நீ சொல்ற இடத்துல விட்டுட்டுப் போறேன். பைசா வேண்டாம்."

கோல்ட்டன் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான். "வந்துட்டார் பாத்தியா! அதிக விலைக்கு வேற ஆள் கெடைச்சிருப்பான். வண்டியைக் கையைவிட்டுப் போகாம வெச்சுக்கப் பாக்குறாரு."

"சத்தியமா இல்லப்பா."

"ஒழுகாதுன்னு சொன்னப்பவும் இதே மூஞ்சியோடதான் சொன்னீங்க."

ஹார்லன் மரிஸாவின் ஜன்னல் பக்கம் ஓடினார். "நீயாவது சொல்லும்மா."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "சும்மாதானே கோல்ட்டன், அவரே இழுத்துட்டு வரட்டுமே. நமக்கு என்ன குறைஞ்சுடும்?"

"சும்மான்னு சொன்னாத்தான் பயப்படணும். காலையில அங்க சுரங்கத்துல வேலைக்குச் சேரணும். இவர் நாடகத்துக்கு நேரமில்ல."

அவள் ஹார்லனைப் பார்த்து, வருத்தப்படாதீர்கள் என்பதுபோலச் சிரித்தாள். வண்டி கிளம்பிவிட்டது.

ஹார்லனுக்கு வீட்டுக்குள் போக மனம் வரவில்லை. தன் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். ஏற்றத்தில் ஒன்றும் ஆகவில்லை. அட, நமக்குத்தான் வயதாகிவிட்டது, வீணாகப் பயந்தோம் என்றுகூட நினைத்துக்கொண்டார். கணவாயின் உச்சியைத் தாண்டி மூன்றாவது வளைவில் கேம்பர் ஒருமுறை இடுப்பை ஆட்டியது. பிறகு இன்னும் பெரிதாக ஆட்டியது. ஹார்லன் ஹாரனை அழுத்திக்கொண்டே, "பிரேக்கை மிதிக்காதே, மிதிக்காதே" என்று கத்தினார். யாருக்குக் கேட்கும்? கோல்ட்டன் பயத்தில் பிரேக்கை மிதித்துவிட்டான் போலிருக்கிறது; பின்னாலிருந்த பாரம் பிக்கப்பைப் பக்கவாட்டில் தள்ளியது. கேம்பர் பிக்கப்பையும் இழுத்துக்கொண்டு தடுப்புக் கம்பியைப் பிய்த்து, சரிவில் உருண்டது.

ஹார்லன் சறுக்கிச் சறுக்கி இறங்கினார். பைன் மரங்களுக்கு நடுவே தட்டுகளும் போர்வைகளும் சிதறிக் கிடந்தன. கோல்ட்டனை இழுத்து வெளியே போட்டார். மரிஸாவின் பக்கம் முழுக்க நசுங்கியிருந்தது. உடைந்த ஜன்னலுக்குள் கையை விட்டு அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். நாடி இல்லை. கையை எடுக்காமல் அப்படியே இருந்தார். அழுகை வந்தது, அழுதார்.

ரொம்ப நேரம் கழித்து மேலே சைரன் சத்தம் கேட்டது. நெற்றியில் ரத்தம் வழிய, கோல்ட்டன் மண்ணில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

"ஆமா, ஒழுகும்னு முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல பெரியவரே. அப்போ, கணவாய் தாண்டாதேன்னு நீங்க சொன்னதை நம்பியிருப்பேனே."