ஜீரோ கேப்

நிவாஸுக்குச் சத்தம் ஆகாது. ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் எஞ்சின் லைனுக்கு மேனேஜர் அவர். எஞ்சின் சத்தத்தைக் குறைத்ததற்காகத் தலைமை அலுவலகம் கொடுத்த கேடயம் அவர் மேஜைமேல் இருக்கிறது. உண்மையில் குறைத்த பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட கேடயத்தோடு எடுத்த போட்டோவில் இல்லை. அதன்பிறகு சுவருக்குச் சுவர் 'ஜீரோ கேப், ஜீரோ சத்தம்' என்று போர்டு மாட்டினார். கேன்டீனில் சாம்பார் அண்டாவுக்கு மேலேகூட ஒன்று தொங்கியது.

அப்படிப்பட்டவர் போயும் போயும் ஒரு பழைய பீட்டில் கார் வாங்கினார். அவரைவிட வயதில் மூத்த வண்டி. எஞ்சின் பின்னால் இருக்கும். ரேடியேட்டர் கிடையாது, காற்றில்தான் ஆறும். டிக் டிக் என்று அடித்துக்கொண்டுதான் ஓடும், அதன் சுபாவம் அது. சனிக்கிழமை ஆண்டு விழாவுக்கு வரும் சேர்மனை அதில் உட்கார வைத்து, கேட்டிலிருந்து மேடைவரை தானே ஓட்டி வர வேண்டும் என்று அவருக்கு ஆசை.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் வண்டியை லைன் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுச் செந்தாமரையைக் கூப்பிட்டார்.

செந்தாமரை பென்னலூர்க்காரி. ஏழு வருடமாக அதே லைனில் கான்ட்ராக்ட். அவளுடைய பெர்மனன்ட் ஆர்டர் வந்து மூன்று வாரமாகிறது. நிவாஸின் கையெழுத்துக்காக அவர் டிராயரில் தூங்குகிறது. இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்தாகாவிட்டால் அது செல்லாது, மறுபடியும் கான்ட்ராக்ட்தான். அந்த லைனில் வால்வ் கேப்பை, அதாவது வால்வின் இடைவெளியை, வைக்கும் டேப்பெட் திருகைத் தொட்டுப் பழகியவள் அவள் ஒருத்திதான். புது எஞ்சின்களில் அந்தத் திருகே இல்லை. ஆனால் அவள் தம்பி பாபு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஓட்டும் டீசல் ஷேர் ஆட்டோவும் காற்றில் ஆறுகிற எஞ்சின்தான். அதற்கு டேப்பெட் வைப்பது இவள்.

"செந்தாமரை, இந்த டிக் டிக் நாளைக்கு இருக்கக் கூடாது. வால்வ் கேப் எல்லாத்தையும் ஜீரோ பண்ணிடு. லன்ச் முடியறதுக்குள்ள."

அவள் எஞ்சின் மூடியைத் திறந்தாள். அனல் முகத்தில் அடித்தது.

"எங்க சார் போய்ட்டு வந்தீங்க?"

"வாலாஜாபாத் வரைக்கும் ஒரு டிரையல். ஏன்?"

"கொதிக்குது சார். டேப்பெட்டு ஆறின எஞ்சின்லதான் வெக்கணும். ராத்திரி பூரா நிக்கட்டும், காலைல வெச்சித் தரேன். ஜீரோவும் வெக்கக் கூடாது சார், பாயின்ட் ஒன் ஃபைவ் வெக்கணும். இப்போ சூட்டுல எஞ்சின் உப்பிக்கினு இருக்கு. இதுல ஜீரோ வெச்சா, ஆறினதும் சுருங்கி வால்வ மூட உடாம தூக்கிக்கினு நிக்கும். காலைல ஸ்டார்ட்டே ஆவாது."

நிவாஸ் சிரித்தார். கேடயம் வாங்கியவர்கள் சிரிக்கும் சிரிப்பு.

"ஷேர் ஆட்டோ டெக்னாலஜியெல்லாம் இங்க பேசாதம்மா. கேப் இருந்தா சத்தம், கேப் இல்லன்னா சத்தம் இல்ல. இது ஸ்கூல் பசங்களுக்கே தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன் ஆர்டர் என் டிராயர்லதான் இருக்கு. ஞாபகம் இருக்கில்ல?"

இருக்கிறது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு வருட உழைப்பை ஒரு டிராயர் பூட்டுக்குள் வைத்துக்கொண்டு இந்த மனுஷன் பாடம் எடுக்கிறாரே என்று இருந்தது.

அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தாள். இரண்டு பக்கமும் மூடியைக் கழற்றி, நட்டைத் தளர்த்தி, திருகை இறுக்கி, எட்டு வால்வையும் அவர் சொன்னபடியே வைத்தாள். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டது. சாவியைத் திருப்பியதும் வண்டி சத்தமில்லாமல் ஓடியது. நிவாஸ் கண்ணை மூடித் தலையாட்டினார். கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதாக நினைப்பு.

அந்தத் தொழிற்சாலையில் எந்த வண்டியைத் தொட்டாலும் செக் ஷீட் எழுத வேண்டும். செய்தவர் கையெழுத்து, பக்கத்தில் மேலதிகாரி கையெழுத்து. பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியிலேயே தொங்கவிடுவார்கள். மேலதிகாரிகள் யாரும் அதைப் படித்ததாகச் சரித்திரம் இல்லை. செந்தாமரை எழுதினாள்: 'எஞ்சின் சூடு. எட்டு வால்வும் 0.00. மேனேஜர் சொன்னபடி. நாளைக் காலை ஸ்டார்ட் ஆகாது.' நிவாஸ் காதில் போனை வைத்துக்கொண்டே கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போனார்.

ஸ்டார்ட் ஆகவில்லை.

காலை எட்டு மணி. எஞ்சின் இழுவையே இல்லாமல் வெறுமனே சுற்றியது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பலராமனும் இன்னும் ஆறு பேரும் கேட்டுக்கும் கேன்டீனுக்கும் இடையில் இரண்டு முறை தள்ளிப் பார்த்தார்கள். கோட்டு போட்டிருந்த நிவாஸ் உள்ளே உட்கார்ந்து வியர்த்தார்.

"நேத்து இவதான் கை வெச்சா! நல்லா இருந்த வண்டி!" என்று செந்தாமரையைக் காட்டி எல்லார் முன்னாலும் கத்தினார். வெட்கம் என்பது அவருக்கு இன்னும் சப்ளை ஆகாத சாமான்.

"இப்போதான் சார் எஞ்சின் ஆறியிருக்கு," என்றாள் செந்தாமரை. "முக்கா மணி நேரம் குடுங்க."

கொடுக்காமல் என்ன செய்வார்? ஒன்பதரைக்குச் சேர்மன். அவள் மறுபடி படுத்தாள். இடைவெளி அளக்கும் கேஜ் தகட்டைச் செருகி, லேசாகப் பிடித்து இழுபடும் அளவுக்கு ஒவ்வொன்றாக வைத்தாள். சாவியைத் திருப்பியதும் வண்டி டிக் டிக் என்று எழுந்தது. செக் ஷீட்டில் இன்னொரு வரி எழுதினாள்: 'எஞ்சின் ஆறியது. எட்டும் 0.15. ஸ்டார்ட் ஆனது.' தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பக்கத்தில் கையெழுத்து வாங்க நிவாஸைத் தேடினாள். அவர் முகம் கழுவப் போயிருந்தார்.

சேர்மன் வந்தார். முன் சீட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டார்.

"டேப்பெட் சுத்தமா வெச்சிருக்கு. யார் வெச்சது?"

"நானே சார். இன்னைக்குக் காலைல," என்றார் நிவாஸ்.

செந்தாமரை இரண்டு எட்டு தள்ளி, கொப்பளித்த கையோடு நின்றிருந்தாள். பலராமன் அவள் காதருகே, "இன்னாமே இந்த ஆளு, கூசாம சொல்றாரு!" என்றான்.

சேர்மன் முழங்காலுக்கு நேரே தொங்கிய உறையை எடுத்தார், கண்ணாடியைப் போட்டார், நிதானமாக இரண்டு வரியையும் படித்தார்.

"நீங்க கையெழுத்துப் போட்டது மேல இருக்கு," என்றார். "கீழ உங்க பேரே இல்லையே. வண்டிய எடுங்க."

அன்று மேடை மைக் வேலை செய்யவில்லை. அதனால் கேட்டிலிருந்து மேடைவரை அந்த டிக் டிக் ஒன்றுதான் எல்லாருக்கும் கேட்டது.

திங்கட்கிழமை ஆர்டரைத் தூக்கிக்கொண்டு நிவாஸ் லைனுக்கே வந்தார். கையெழுத்துப் போட்டிருந்தார். கடைசிப் பக்கத்தைப் பிரித்து, பேனாவையும் நீட்டினார்.

"இங்க ஒரு சைன் போடும்மா. சீக்கிரம், எனக்கு மீட்டிங் இருக்கு."

செந்தாமரை கையைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.

"படிச்சிட்டுப் போடறேன் சார். நில்லுங்க."