ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஓர் ஆங்கிலப் பரீட்சை

ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் எங்கள் கம்பெனியில் திடீரென்று ஓர் உத்தரவு. இனி வாடிக்கையாளரிடம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். பரிசோதகர் ஒருவர் வாடிக்கையாளர் போல ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுச் சோதிப்பார். தேறினால் போன் பேசும் நாற்காலி. தேறாவிட்டால் கிடங்கில் ஃபிரிட்ஜ் தூக்க வேண்டும். எனக்கோ வாளியைத் தூக்கினாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

ஆங்கிலம்கூடப் பரவாயில்லை, அதன் குட்டிச்சொற்கள்தான் வில்லங்கம். 'லுக்' என்றால் பார்ப்பது. கூடவே 'ஆஃப்டர்' வந்தால் கவனித்துக்கொள்வது, 'ஃபார்' வந்தால் தேடுவது, 'இன்டூ' வந்தால் விசாரிப்பது. ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு மூன்று மாமனாருக்குப் பதில் சொல்வது போல.

ஃபிரிட்ஜைப் பிரிக்கும்போது ஒயர்களில் டேப் ஒட்டி எழுதிவைப்பது எங்கள் தொழில் பழக்கம். அதே மாதிரி வீட்டிலும் ஒட்டினேன். குழாயில் 'டர்ன் ஆஃப்', அலாரத்தில் 'கெட் அப்'. என் மனைவி தன் பங்குக்கு என் சட்டைப் பையில் 'ஷட் அப்' ஒட்டினாள்.

அந்த வாரம் யார் கூப்பிட்டாலும் எங்களுக்குப் பரிசோதகராகவே தெரிந்தார். "ஹோல்ட் ஆன், வி வில் லுக் இன்டூ இட்" என்று பணிவாகச் சொல்லி வைத்துவிடுவோம். ஒரு ஃபிரிட்ஜும் சரியாகவில்லை. ஊரில் பால் திரிந்தாலும் மரியாதைக்குக் குறைவில்லை.

வியாழக்கிழமை மதியம் ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஃபிரிட்ஜ் நின்னுபோச்சு. அப்பாவோட சர்க்கரை ஊசி மருந்து உள்ள இருக்கு. கெட்டுப்போயிடும்ணே."

"ப்ளீஸ் காம் டவுன், மேடம்" என்றேன், பதறாதீர்கள் என்ற அர்த்தத்தில்.

"ஐயோ, தமிழ்ல சொல்லுங்கண்ணே!" குரல் உடைந்தது.

அடடா, என்ன நடிப்பு என்று மெச்சிக்கொண்டேன். அப்போதுதான் அவளுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. டக். சற்று நேரம் கழித்து மறுபடி டக். மோட்டார் கிளம்பப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்துவிடும் சத்தம். அதை எந்தப் பரிசோதகராலும் நடிக்க முடியாது. எனக்குக் காது சுட்டது.

"பிளக்கைப் புடுங்கிடும்மா. கதவைத் திறக்காத. அட்ரஸ் சொல்லு, இதோ வந்துட்டேன்."

அவள் சமையலறையில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒருக்களித்துப் படுத்தேன். மோட்டாரைக் கிளப்பிவிடும் ரிலே எரிந்திருந்தது. ஒரு கையில் புது ரிலே, மறு கையில் ஒயர். மேடையில் வைத்திருந்த என் போன் அடித்தது. அவள் எடுத்தாள்.

"அண்ணே, யாரோ ஆம்பளை இங்கிலீஷ்ல பேசுறாரு!"

பரிசோதகரேதான். எழுந்து போனால் இடுப்பு பிழைக்கும், மருந்து பிழைக்காது.

"'ஹோல்ட் ஆன்'னு சொல்லும்மா."

"ஹோல்ட் ஆன்."

"'வென் டிட் இட் பிரேக் டவுன்'னு கேளு."

கேட்டாள். நான் தரையிலிருந்து முணுமுணுக்க, அவள் அழகாக உச்சரித்தாள். கூடத்துக் கட்டிலிலிருந்து அவள் அப்பா, "மெதுவாச் சொல்லுமா, பாவம், அவருக்கும் புரியணும்ல" என்றார். பத்து நிமிடத்தில் பரிசோதகர் நன்றி சொல்லி வைத்தார். ஃபிரிட்ஜும் ஓடத் தொடங்கியது.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

"கண்ணாடிய வீட்ல வச்சுட்டு வந்துட்டேன். என்ன எழுதியிருக்குன்னு நீயே படிச்சுச் சொல்லுய்யா."

கண்ணாடி அவர் மூக்கின்மேல்தான் இருந்தது.

ஆங்கிலத்தில் இரண்டே வரி. 'பேசியவர் தெளிவாக, பொறுமையாகப் பேசினார். ஆனால் அவர் உங்கள் மெக்கானிக் அல்ல, ஒரு பெண். எனவே உங்கள் மெக்கானிக் தேறவில்லை.' ஒரு சொல்லுக்குக்கூட நான் அகராதியைத் தேடவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கிடங்கு வாசலில், நேற்றே தோற்றுப்போன சகா ஒருவன் இரட்டைக்கதவு ஃபிரிட்ஜ் ஒன்றை முதுகில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"தெளிவா, பொறுமையாப் பேசினாராம் சார்."

"ரெண்டு வரி இருக்கே?"

"ரெண்டாவது வரியில அதையே இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்காரு சார்."

மேனேஜர் காகிதத்தை வாங்கி, மேலிருந்து கீழாக ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"ம்... நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.