நெத்திலி பரப்புன மாதிரி

கேக்கவே இல்லன்னு ஜான்ரோஸ் சொன்னத கடியப்பட்டணத்துல ஒருத்தரும் நம்பல. பொண்டாட்டி ரெஜிலாவே நம்பல. பொறவு ஊருக்காரங்களச் சொல்லி என்ன?

காத்து வருதுன்னு மத்த வள்ளக்காரங்க வயர்லெஸ்ல தொண்ட கிழியக் கூப்பிட்டிருக்காங்க. எல்லாரும் கரைக்குத் திரும்பியாச்சு. ஜான்ரோஸும் ரெஜிலாவுக்க தம்பி சிஜினும் போன வள்ளம் மட்டும் திரும்பல. மறுநாள் வந்தப்ப அதுல ஜான்ரோஸ் ஒத்தையில இருந்தான். சிஜினுக்க ஒடம்பு கூட கெடைக்கல.

"புதுசா எக்கோ மாட்டியிருந்தாம்லா? தெரையில மீனக் கண்டிருப்பான். கண்டவன் திரும்புவானா?" ஏலம் போடுத எடத்துல இதே பேச்சு. எக்கோன்னா அடியில கெடக்குத மீன்கூட்டத்தக் காட்டுத பெட்டி. அண்ணைக்குத் தொட்டு ரெஜிலா மாப்பிள்ளகிட்ட வாய் தெறக்கல. சோறு வெளம்புவா. துணி அலசிப் போடுவா. பேச்சு கெடையாது.

அவளுக்கு வேல நாகர்கோவில்ல ஒரு சின்ன கம்பெனியில. எலக்ட்ரானிக் பெட்டிங்க வெளிய விடுத ரேடியோ இரைச்சல அளந்து சொல்லுத எடம். ஒருநாள் காலையில வள்ளத்துலருந்து எக்கோவையும் வயர்லெஸ்ஸையும் கழத்தி எடுத்துக்கிட்டா. வயர்லெஸ் செட்டு நல்லா கேக்குது, அவன் சொன்னது பொய்ன்னு தெரிஞ்சா வேல விட்டதும் நேரா அம்மா வீட்டுக்குப் போயிரணும். அதுக்கு நாலு துணியும் பையில வச்சாச்சு. ஜான்ரோஸ் ஒண்ணும் கேக்காம பேட்டரியத் தூக்கிக்கிட்டு பின்னாலயே பஸ் ஏறுனான். கம்பெனி கேட்டுக்கு வெளிய, வேப்பமரத்து மூட்டுல இருந்துகிட்டான்.

"என்ன ரெஜிலா, லாபுக்குள்ள சாள நாத்தம் அடிக்கு? மத்தியானத்துக்கு மீன்கொழம்பா?" மேலாளர் மகேஷ்குமார் சிரிச்சுக்கிட்டே வந்தாரு.

"தம்பி போன வள்ளத்துலருந்து வந்தது சார்."

அவருக்குச் சிரிப்பு அப்படியே நின்னுட்டு. "செரி மக்களே. சாப்பாட்டு நேரத்துல பாத்துக்க."

எக்கோவுக்குள்ள கிளாக்குன்னு ஒண்ணு உண்டு. மணி காட்டுதது இல்ல. சர்க்யூட்ட தாளம் தப்பாம நடத்துத துடிப்பு. அது ஒரே வேகத்துல அடிச்சா, அதுக்க இரைச்சலும் ஒரே எடத்துல ஈட்டி மாதிரி எந்திரிச்சு நிக்கும். அளவுக்கோட்டத் தாண்டும். பெட்டிய விக்க முடியாது. அதுனால செய்யுதவங்க துடிப்போட வேகத்த வேணும்ன்னே லேசா ஆட்டிவிடுவாங்க. ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம்ன்னு பேரு. ஒயரமா நின்ன இரைச்சல் அக்கம்பக்கம் பரவித் தாந்து போவும்.

ரெஜிலா கம்பி வளையத்தப் பெட்டிகிட்ட வச்சு அந்த ஆட்டத்த அளந்தா. வேகம் கொறையுது, கூடுது, கொறையுது, கூடுது. திரையில முக்கோணம் முக்கோணமா அல ஓடிச்சு. ஆட்டம் அரை சதவீதம். சொல்லிவச்ச மாதிரி சுத்தமா இருந்துது. இரைச்சல் எல்லாம் கோட்டுக்குக் கீழ.

பெட்டியில கொறையில்ல. அப்பம் கேக்கலன்னு மாப்பிள்ள சொன்னது பொய்தான். அவளுக்குக் கண்ணு துணிப்பைய நோக்கிப் போச்சு.

இருந்தாலும் மனசு ஆறல. பெட்டியோட சர்வீஸ் மெனுவுல போயி அந்த ஆட்டத்த நிறுத்திப் பாத்தா. ஈட்டி ஒண்ணு கோட்டத் தாண்டி எந்திரிச்சுது. ஆனா பக்கத்துல வயர்லெஸ் பேசுத அலைவரிச எடம் காலியா கெடந்துது. மறுபடி ஆட்டிவிட்டா. ஈட்டி போச்சு. வயர்லெஸ் எடத்துக்கு மேல தாழ்ந்த மணல்திட்டு மாதிரி ஒண்ணு மூடிக் கெடந்துது. குமிச்ச நெத்திலிய மணல்ல பரப்பிவிட்டா ஒயரம் போவும். பாரம் எங்க போவும்?

வயர்லெஸ்ஸப் போட்டா. சத்தமே இல்ல. பாத்தா, இரைச்சல அமத்துத திருகு கடேசி வரைக்கும் முறுக்கிக் கெடக்கு. அவ்வளவு முறுக்குனா தூரத்துப் பேச்சையும் சேத்து அமத்திரும். உப்பு புடிச்சு எறுகிட்டு. அவ அதுல கைவைக்காம, தூரத்து வள்ளத்துலருந்து வருத மாதிரி மெலிசா ஒரு சிக்னல் விட்டா. செட்டு வாய் தெறக்கல. எக்கோவ அமத்திட்டு, திருகுல எண்ண விட்டுப் பாதிக்கு எளக்கி அதே சிக்னல விட்டா. பீப், பீப்ன்னு பளிச்சுன்னு கேட்டுது.

அவரு பொய் சொல்லல.

ரெஜிலா வயர்லெஸ்ஸத் தூக்கிக்கிட்டு கேட்டுக்கு ஓடுனா. ஜான்ரோஸ் எந்திரிச்சான்.

"இந்தத் திருக முறுக்குனது ஆரு?" இத்தன நாளைக்குப் பொறவு அவ மொதமொதலா அவன்கிட்ட கேட்டது இதுதான்.

"நான்தான். எக்கோ மாட்டுனதுலருந்து ஷ்ஷ்ன்னு ஒரே எரைச்சல். நம்ம பய சிஜின் ரெண்டு நாளா கண்ணு அடைக்கல. 'அத்தான், அந்தக் கழுதய அமத்தும்'ன்னு கெடந்து சொன்னான். முறுக்குனேன். அதுக்குப் பொறவுதான் ஒறங்குனான்." அவ மொகத்தப் பாத்தான். "ஏன் ரெஜி? அதுல என்ன?"

அவ திருகக் கையால மறச்சுக்கிட்டா.

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன். எக்கோவோட எரைச்சல்தான் காரணம். நீங்க கேட்டிருக்க முடியாது."

"ஊருல சொல்லுவியா?"

"நானே சொல்லுதேன்."

அவன் துண்டால மொகத்த மூடி மரத்துமூட்டுலயே இருந்து அழுதான். அவ பக்கத்துல நின்னா. தோளத் தொடணும்ன்னு தோணிச்சு. தொடல.

சாயங்கால பஸ்ஸுல கூட்டம். ரெண்டுபேரும் ஒரே சீட்டு. பேட்டரியும் எக்கோவும் காலுக்குக் கீழ, துணிப்பை அவ மடியில, வயர்லெஸ் அவன் மடியில. அம்மா வீட்டுக்கு எறங்க வேண்டிய எடம் வந்துது. அவ எந்திரிக்கல. பஸ் எடுத்துட்டான்.

"ரெஜி."

"ம்."

"அந்தத் திருக முறுக்காம இருந்திருந்தா..."

அவ ஜன்னலுக்கு வெளிய பாத்தா.

ஜான்ரோஸ் அதுக்குமேல கேக்கல. அவனுக்க வெரலு மட்டும் மடியில கெடந்த செட்டோட திருக மெல்ல எடப்பக்கம் திருப்பிச்சு. பொறவு வலப்பக்கம். மறுபடி எடப்பக்கம். ஊரு வருத வரைக்கும் அந்த வெரலு நிக்கல. அவ பாக்காத மாதிரியே இருந்தா.