பொம்மையின் இடுப்பு

என்னைப் பற்றி எழுத வந்த பத்திரிகைக்காரப் பெண், நான் வடிவமைத்த பழைய உடைகளின் படங்களை வெட்டு மேசையில் பரப்பினாள்.

"ஆரம்பத்துல இடுப்பை ஒட்டித் தைச்சீங்க சார். அப்புறம் தொளதொளன்னு விட்டீங்க. அதுக்கப்புறம் மடிப்பை நெஞ்சுக்குக் கீழயே கொண்டுவந்துட்டீங்க. இந்த மாற்றமெல்லாம் எங்கேருந்து வந்தது?"

உண்மையைச் சொன்னால் ஒரே வார்த்தை: மனைவி. கல்யாணமான புதிதில் அவள் ஒல்லி. பிள்ளை உண்டானதும் தொளதொளப்பு. பிள்ளை பெற்ற பிறகும் வயிறு இறங்கவே இல்லை. மடிப்பு மேலே ஏறியது. உடை மாட்டிப் பார்க்கும் ஆளுயரப் பொம்மைக்கு அவளே பஞ்சு வைத்துத் தன் அளவுக்குத் தைத்துவிடுவாள். "உங்க பொம்மை மறுபடி பெருத்துடுச்சுங்க" என்று சிரிப்பாள். என் உடை நாலு பேருக்குப் பொருந்தியதும் விற்றதும் அதனால்தான்.

நான் காற்று, ஆறு, விடுதலை என்று அளந்துவிட்டேன். அளவெடுக்கிறவனுக்கு அளக்கவா தெரியாது?

மனைவி டீயோடு வந்த நேரம் பார்த்து, அந்தப் பெண் படமெடுப்பதற்காகப் பொம்மையின் மேலிருந்த துணியை விலக்கினாள். எனக்குப் பகீரென்றது. "ஒல்லி அளவுதான் இப்ப ஓடுது" என்று என் உடைகளை வாங்கி விற்கும் பெரிய கடைக்காரர் சொன்னதற்குத் தலையாட்டி, போன வாரம்தான் பஞ்சு முழுவதையும் உரித்திருந்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

"இது யாரோட அளவு சார்?"

"யாரோடதும் இல்லம்மா. பொது அளவு."

மனைவி பொம்மையைப் பார்த்தாள். "டீ ஆறிடும், குடிங்க" என்றாள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. டம்ளரைப் பார்த்தபடியே குடித்தேன்.

அந்தப் பெண் போனதும் மனைவி கேட்டாள்: "பஞ்சை என்ன பண்ணீங்க?"

"குப்பையில போட்டுட்டேன்."

"தலையணைக்காவது ஆகியிருக்கும்."

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்குமா? டேப்பை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"இப்படி வந்து நில்லு. புதுசா அளவெடுத்து உனக்கு ஒண்ணு தைக்கிறேன்."

"எனக்கெதுக்குங்க?" என்றாலும் வந்து நின்றாள், கைகளைத் தூக்கினாள். நிறைமாசத்தில்கூட இதே இடத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு என்னோடு வாயடித்தவள்.

டேப் இடுப்பைச் சுற்றியதும் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே அடக்கிக்கொண்டாள். "சீக்கிரம் பாத்துடுங்க" என்றாள்.