டெல்பர்ட் ஐஸ் வாங்கப் போனது

“இன்னும் வா... இன்னும்... நிறுத்து! மரம், டெல்பர்ட், மரம்!”

“கண்ணாடியில தெரியற மாதிரி நில்லுன்னு எத்தனை தடவ சொல்றது உனக்கு?”

“உன் கண்ணாடியில நான் தெரியணும்னா ஆத்துக்குள்ள இறங்கித்தான் நிக்கணும்!”

“அப்ப இறங்கு!”

கோடையில் முகாம் போடும் எங்கள் கவுண்டி பார்க்கில் பதினாலாம் நம்பர் இடம் ஆற்றை ஒட்டியது. இரண்டு ஓக் மரங்களுக்கு நடுவே, பிக்கப் டிரக் இழுத்து வரும் டிரெய்லர் வீட்டைப் பின்பக்கமாக நுழைக்கப் பொறுமை வேண்டும், இல்லையென்றால் திறமை வேண்டும். டெல்பர்ட் வெஸ்லிங்கிடம் இருபத்தெட்டு அடி டிரெய்லர் மட்டும்தான் இருந்தது. பக்கத்துப் பதிமூன்றில் உட்கார்ந்திருந்த நான் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். கண்ணில் வெயில் அடித்தது, அதனால்தான்.

சத்தம் கேட்டதும் சுற்றுவட்டார ஆண்கள் கையில் பீர் டப்பாவோடு ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். இது எங்கள் பக்கத்து வழக்கம். ஆளுக்கொரு திசையில் கை காட்டினார்கள். டெல்பர்ட் எல்லோரையும் கேட்டார், மனைவியைத் தவிர. ஒன்பதாவது முயற்சியில் வண்டி உள்ளே போனது.

அவர் மனைவி ஆர்லிஸ் முகம் சிவக்க என் பக்கம் வந்து நின்றாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். சத்தம் அவளுக்குப் புதிதல்ல.

“இது கணக்குல சேராது” என்றாள்.

“எது?”

“வண்டியைப் பின்னால எடுக்கறப்ப போடற சண்டை. அத விட்டுடணும்னு முன்னாடியே பேசிக்கிட்டோம். அதச் சேத்தா ஊர்ல ஒரு கல்யாணமும் நிக்காது.”

அப்புறம் விஷயம் வந்தது. தீவன ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற டெல்பர்ட்டுக்கு, வீட்டை விற்றுவிட்டு வருஷம் முழுக்க டிரெய்லரில் சுற்ற வேண்டும். நாற்பத்தோரு வருஷம் வாழ்ந்த வீட்டை விட ஆர்லிஸுக்கு மனசில்லை. வாங்க ஆள் ரெடி. கடைசியில் இவள் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டாள்: புதன் முதல் நாலு ராத்திரி டிரெய்லரில் இருந்து பார்ப்பது, ஒருவரையொருவர் கடித்துக் குதறாமல் இருந்துவிட்டால், ஞாயிறு மதியம் அவள் கையெழுத்துப் போடுவாள். வீடு விற்றுத் தரும் ரோஷெல் பத்திரங்களோடு இங்கேயே வருவாள்.

“போயும் போயும் வாக்கக் குடுத்தேன் பாரு” என்றாள்.

வீட்டிலிருந்து ஒன்பது மைல்தான் வந்திருந்தார்கள். விஸ்கான்சினில் எங்கள் பக்கத்தில் யாரும் அதைத் தாண்டி முகாம் போடுவதில்லை. அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

வியாழக்கிழமை மழை. டிரெய்லரில் வெந்நீர் ஆறு நிமிஷம்தான் வரும். ஆர்லிஸ் தலையில் சோப்போடு நின்றபோது ஏழாவது நிமிஷம் வந்துவிட்டது. அவள் கத்தியது எனக்கே கேட்டது, ஆனால் கத்தியது தண்ணீரைப் பார்த்து, எனவே சேராது. மேல் அலமாரியில் மூன்று முறை தலையை இடித்துக்கொண்டாள். ராத்திரி பாத்ரூம் போக வேண்டுமென்றால் டெல்பர்ட்டைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

அவரோ தேவதூதன்போல இருந்தார். ஒரு சத்தம், ஒரு சலிப்பு கிடையாது. அவரே பிராட்வர்ஸ்ட் சாசேஜ் சுட்டார், அவரே தட்டுக் கழுவினார். “எவ்வளவு நிம்மதி பாத்தியா, ஆர்லிஸ்?” என்று ஆற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆர்லிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு உருளைக்கிழங்கு சாலட்டைக் கிளறினாள். குறை சொல்ல ஒன்று கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள், பாவம். கிடைக்கவில்லை.

மதியம் சாப்பிட்டதும் டெல்பர்ட், “ஐஸ் வாங்கிட்டு வந்துடறேன்” என்று பிக்கப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டரை மணி நேரம் கழித்து ஒரே ஒரு பையோடு வந்தார். வெள்ளிக்கிழமையும் அதேபோல.

ஐஸ், பார்க் வாசல் கேட்டிலேயே கிடைக்கும். பார்க்கைப் பார்த்துக்கொள்கிற நார்ப் விற்கிறார். மனைவி தவறியபின் கோடை முழுக்கக் கேட்டருகே தன் வண்டியிலேயே குடியிருப்பவர். அவர் ஐஸுக்கு என்ன குறை?

வெள்ளிக்கிழமை டெல்பர்ட் இறங்கும்போது தலை ஈரமாக, வகிடெடுத்துச் சீவியிருந்தது. சோப்பு வாசனை என் நாற்காலி வரைக்கும் வந்தது.

“ஊர் ஐஸ் ரொம்பச் சுத்தமோ, டெல்பர்ட்?” என்றேன்.

“சீக்கிரம் கரையாது” என்றார், கண்ணைச் சிமிட்டாமல்.

இதையெல்லாம் ஆர்லிஸிடம் நேராகச் சொல்லலாமே என்பீர்கள். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வதில்லை. முதலில் மழையைப் பற்றிப் பேச வேண்டும், பிறகு கொசு, பிறகு ஏதாவது தற்செயலாக நடக்க வேண்டும். ஆகவே சனிக்கிழமை அவர் ஐஸுக்குக் கிளம்பியதும், “வா, குன்று வரைக்கும் நடந்துட்டு வரலாம்” என்று ஆர்லிஸைக் கூப்பிட்டேன். பைனாகுலரையும் எடுத்துக்கொண்டேன். பறவை பார்க்கத்தான்.

இரண்டு மைல் ஏற்றம். மழையில் பாதை களிமண்ணாகக் கிடந்தது. ஆர்லிஸுக்கு முழங்கால் வலி, காலுறைக்குள் ஒரு உண்ணி. வழி முழுக்கப் புலம்பினாள்.

“நாளைக்கு மத்தியானம் என்னன்னு சொல்லி மாட்டேங்கறது? அந்த மனுஷன் ஒரு தப்பும் பண்ணலையே! வாழ்க்கையில மொத தடவையா ஒரு தப்பும் பண்ணல!”

உச்சியில் ஒரு பெஞ்சு. கீழே ஆறு வளைந்து போகிறது. பாலம் எங்கோ தள்ளியிருப்பதால் சாலைவழி ஒன்பது மைல். பறந்து போகும் காக்கைக்கு அரை மைல். எதிர்க்கரை மேட்டில் ஒரு வெள்ளை வீடு.

“எங்க வீடு!” என்றாள் ஆர்லிஸ். குரலே மாறிவிட்டது. “குடு, குடு அத.”

பைனாகுலரை வாங்கிப் பார்த்தாள். குமிழைத் திருகிவிட்டு மறுபடி பார்த்தாள்.

“பறவை ஏதும் தெரியுதா?” என்றேன்.

“பிக்கப் தெரியுது.”

“அப்படியா?”

“கொடியில துண்டு காயுது. பின்பக்கம் சாய்வு நாற்காலியில காலை நீட்டிக்கிட்டு... குளியல் அங்கிடீ! என்னோட நீலக் கிண்ணத்துல ஏதோ அள்ளி அள்ளித் திங்கறான்.”

“ஐஸ்கிரீமா இருக்கும்” என்றேன். “ஐஸ் வாங்கத்தானே போனார்.”

நாலு மணிக்குத் திரும்பிய டெல்பர்ட்டைப் பைக்குள் ஐஸ் உருகும்வரை நிற்க வைத்தாள். இந்தச் சண்டை கணக்கில் சேரும் என்றாள். ஆனால் அவர் மடங்கவில்லை.

“வாக்கு யார் குடுத்தது? நீ. மூணு ராத்திரி இருந்தியா? இருந்த. இன்னிக்கு ஒண்ணுதான் பாக்கி. கடிச்சுக் குதறினோமா? இல்ல, கத்தறது நீ ஒருத்திதான். நான் மத்தியானத்துல எங்க குளிச்சா என்ன?”

“விக்கப்போற வீட்டுல போய்க் குளிக்கிறியே, வெக்கமா இல்ல?”

“விக்கிற வரைக்கும் என் வீடுதானே?”

ஆர்லிஸ் டிரெய்லர் கதவை அறைந்து சாத்தினாள். அது சரியாகச் சாத்தாத கதவு. இரண்டு முறை அறைய வேண்டியிருந்தது.

ஞாயிறு பன்னிரண்டுக்கு வரவேண்டிய ரோஷெல் பன்னிரண்டரைக்குத்தான் வந்தாள், முகமெல்லாம் கோபம். நுழைவுச் சீட்டு கார் கண்ணாடியில் ஒட்டவில்லை என்று நார்ப் கேட்டில் நிறுத்திவிட்டாராம். “ஒட்டுற வரைக்கும் விட மாட்டேன் மேடம்னு நிக்கறாரு. கல்லு மாதிரி மனுஷன்!”

ஆர்லிஸ் பேனாவை வாங்கிக்கொண்டாள். டெல்பர்ட்டின் முகம் மலர்ந்தது.

“போடறேன். ஒரே ஒரு விஷயம். நான் இப்ப ரோஷெல் கார்ல எங்க வீட்டுக்குப் போறேன். இவன் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வரைக்கும் பாலத்தத் தாண்டாம இந்த டப்பாவுலயே இருக்கட்டும். இருந்துட்டான்னா அந்த நிமிஷமே கையெழுத்து.”

“ரெண்டு நாள்தானே? தூங்கியே கழிச்சுடுவேன்” என்றார் டெல்பர்ட்.

வாங்குகிறவர்களும் செவ்வாய்வரை பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆனால் டெல்பர்ட்டின் பேச்சை ரோஷெல் நம்பத் தயாரில்லை. போகும்போது கேட்டில் இறங்கி, பிக்கப் வெளியே போனால் தகவல் சொல்லும்படி நார்பிடம் கேட்டுக்கொண்டாள். டெல்பர்ட் போகவில்லை என்ற தகவலையும் நார்ப் மணிக்கொரு முறை போனில் சொன்னார்.

ஞாயிறு ராத்திரி டெல்பர்ட் ஆறு நிமிஷ வெந்நீரைக் கண்டுபிடித்தார். திங்கள் காலை மேல் அலமாரியைக் கண்டுபிடித்தார். மதியம் பன்னிரண்டு மணிக்கு நாற்காலியை ஆற்றைப் பார்த்துப் போட்டார், பிறகு மரத்தைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து.

“மழை வரும் போலிருக்கு” என்றார்.

“ஒரு மேகமும் இல்லையே.”

“வீட்டுல ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கும். அவளுக்கு மேல் கொக்கி எட்டாது.”

இரண்டு மணிக்கு பிக்கப் கேட்டைத் தாண்டியது. நார்ப் உடனே ரோஷெலுக்குப் போன் செய்தார். விஷயம் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஐம்பது நிமிஷம் பேசினார்கள். ஐஸ் வாங்க நின்றிருந்தேன், அதனால் தெரியும்.

வீடு விற்கவில்லை. நான் தோற்கவில்லை, ஜன்னலைச் சாத்தத்தான் போனேன் என்று டெல்பர்ட் இன்றைக்கும் சொல்கிறார். ஆர்லிஸ் காது கேளாதவள்போல இருந்துவிடுகிறாள். வாங்க வந்தவர்கள் பக்கத்து ஊரில் வேறு வீடு பார்த்துக் குடியேறிவிட்டார்கள்.

அக்டோபரில் நார்பும் ரோஷெலும் கல்யாணம் செய்துகொண்டார்கள். டெல்பர்ட்டின் டிரெய்லரை ரோஷெலே பேரம் பேசி வாங்கி, இருவரும் அதில் அர்கன்சாஸ் பக்கம் ஓர் ஏரிக்கரைக்குப் போய்விட்டார்கள். கேட்டில் இப்போது புது ஆள். நல்லவர்தான், ஆனால் யாரைப் பற்றி என்ன கேட்டாலும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.