அப்பா வாசித்த விலை

இடது காலுக்குச் சொக்ஸ் ஏறவில்லை. மலர்ச்சாலைக்காரர்கள் அப்பா பேணாட்டுக்குக் கோட்டும் டையும் போட்டுச் சவப்பெட்டியில் கிடத்திவிட்டு, கால்களை மட்டும் மறந்துபோயிருந்தார்கள். நிரோஜினி கால்மாட்டில் நின்று இழுத்தாள். துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு பிடித்து ஊன்றியே அகன்ற கால். உயிரோடு இருந்தபோதே சொக்ஸுக்கு அடங்காதது.

"மெல்ல, நோகப்போகுது" என்றாள் அம்மா கிறிஸ்டின்.

தலைமாட்டில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த அம்மாவின் மடியில் அப்பாவின் போன் கிடந்தது. அது 'டிங்' என்றது.

"அடுத்தது வந்திட்டுது. விடிஞ்சதிலயிருந்து மெசேஜ்தான். உங்கட அப்பாக்கு இவ்வளவு சிநேகிதர் இருக்கினம் எண்டு எனக்கே தெரியாது பிள்ளை."

அம்மாவுக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. நிரோஜினி எட்டிப் பார்த்தாள். சிநேகிதர் ஒருவரும் இல்லை. பிட்கொயின் விலை ஏறிவிட்டதென்று ஏதோ ஒரு எக்ஸ்சேஞ்ச் அப்பாவுக்கு அறிவித்திருந்தது. செத்த மனிதருக்கு விலை சொல்லும் சந்தை.

"ஓமம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் குடும்பத்தில் கம்பஸ் படி ஏறிய முதல் ஆள் அவள். பட்டம் எடுத்துவிட்டு மட்டக்களப்பில் டியூசன் படிப்பிக்கிறாள். நேற்றிரவு பஸ்ஸில் வந்து இறங்கியதிலிருந்து ஐந்தாறு பேர் கையைப் பிடித்து அழுதார்கள், அழுது முடித்த கையோடு "இன்னும் கவுண்மெந்து வேலை கிடைக்கேல்லையோ?" என்றும் கேட்டார்கள். அப்பா எப்படிச் செத்தார் என்று மட்டும் ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. அம்மா பூசைக்குப் போயிருந்த நேரமாம். தம்பி ஜக்சன் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினானாம். வழியில் அம்மாவின் பெயரைச் சொல்லிச் சொல்லியே உயிர் போனதாம்.

உள்ளதைச் சொன்னது ஓட்டோக்கார அர்ஷாக்தான். பக்கத்து ஒழுங்கைக்காரன். கதிரைகளை இறக்கி வைத்துவிட்டு அவளை வாசல் படலையடிக்குக் கூப்பிட்டான்.

"தங்கச்சி, இத மனசுல வெச்சுக்கொண்டு என்னால இரிக்க ஏலா. தம்பி கோல் எடுத்த உடன நான் வந்த. ஹோர்ன் அடிச்ச. ஜன்னலால கையக் காட்டி 'பொறுங்க அர்ஷாக் நானா' எண்டான். கொஞ்ச நேரம் இல்ல, நல்லா நேரம். புறகு தூக்கிக்கொண்டு வந்தான். நான் எத்தின மய்யித்துத் தூக்கின ஆள். கைய வெச்ச உடனே எனக்கு விளங்கிற்று, உசிரு முந்தியே போயிற்று எண்டு."

"வழியில கதைக்கேல்லையா?"

அர்ஷாக் இல்லையென்று தலையாட்டினான். "அம்மாட்டச் சொல்றதும் விடுறதும் உங்கட விசயம்."

ஜக்சன் கிணற்றடியில் இருந்தான். காலையிலிருந்து பெட்டிக்குப் பக்கத்தில் அவன் வரவேயில்லை.

"ஏன்டா ஓட்டோவ நிக்கவச்சனி?"

அவன் எழும்பவில்லை. "நான் இல்லக்கா. அப்பாதான்."

"செத்த ஆளிலயா பழி போடுறாய்?"

"ஒரு எக்ஸ்சேஞ்சில பிட்கொயினை மலிவா வாங்கி மற்றதுக்கு அனுப்பினது. அது அங்க போய்ச் சேரேல்ல. சேர்ந்த உடன விக்கவேணும். இங்க ஒரு விலை, அங்க ஒரு விலை. அந்த வித்தியாசந்தான் லாபம். போய்ச் சேர முதல் அங்க விலை விழுந்தா எல்லாம் போச்சு. நான் என்ட போனில ஒண்டைப் பார்ப்பன். அப்பா அவர்ட போனில மற்றதைப் பார்த்து வாசிப்பார்."

"ஆரட காசு?"

"அப்பாக்குத் துறைமுகத்தில குடுத்த சேமலாபக் காசு. அவர்தான் போடச் சொன்னவர். அவருக்கு விருப்பமக்கா. வேலை விட்டபிறகு அந்த மனிசனை ஆர் ஒரு விசயத்துக்குக் கூப்பிட்டது? நீ கூப்பிட்டனியா? நான் கூப்பிட்டனான்."

போன மாதம் அப்பா நிரோஜினிக்குக் கோல் எடுத்து, "ஒரே சாமானுக்கு ரெண்டு கடையில ஏன் மகள் ரெண்டு விலை?" என்று கேட்டார். வகுப்பு இருக்கிறது, பிறகு எடுக்கிறேன் என்றாள். எடுக்கவில்லை.

"நெஞ்சை அடைக்குது எண்டார். நான் ஓட்டோக்கு அடிச்சனான். வந்திட்டுது, எழும்புங்கோ எண்டனான். 'நடுவில விட்டிட்டு எழும்ப ஏலாது மகன், வித்துப்போட்டுப் போவம்' எண்டார். வாசிச்சுக்கொண்டிருந்தார். பிறகு வாசிக்கேல்ல." அவன் கிணற்றுக்குள் பார்த்தான். "நான் திரும்பிப் பார்க்கேல்லக்கா. எவ்வளவு அப்பா, எவ்வளவு எண்டு கேட்டுக்கொண்டே இருந்தனான்."

அறைவதற்குத்தான் கையைத் தூக்கினாள். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"வித்தனியா?"

"இல்ல. அங்கதான் கிடக்குது. நான் தொடேல்ல."

"அம்மாக்குப் பொய் சொல்லியிருக்கிறாய். மண் போட முதல் அவவுக்கு உண்மை தெரியவேணும். நீ சொல்லு. இல்லாட்டி நான் சொல்லுவன்."

"எனக்கு வாய் வராது. நீ சொல்லக்கா" என்றான்.

பெட்டிக்குப் பின்னால் சேமக்காலைக்குப் போகும் வழியெல்லாம் அவள் வசனத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே நடந்தாள். அம்மா, அவர் ஓட்டோவில சாகேல்ல. அம்மா, அவர் உங்கட பேரைச் சொல்லேல்ல. பக்கத்தில் அம்மா அப்பாவின் போனைக் கண் துடைத்த கைலேஞ்சியோடு சேர்த்து நெஞ்சில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

குழியடியில் துறைமுகத்துக்காரர்கள் தங்கள் கயிறுகளோடு நின்றார்கள். "பேணாட்டுக்குக் கண்ட கயிறும் போட ஏலாது ஃபாதர்" என்று ஒருவர் சொன்னார். ஒரு நுனியை ஜக்சனின் கையில் சுற்றிக் கொடுத்தார். "நாங்கள் குடு எண்டாக் கயிறைத் தளர்த்திக் குடு. பிடி எண்டாப் பிடி. வேற ஒண்டும் யோசிக்காத."

ஃபாதர் செபத்தை முடித்தார். பெட்டி குழிக்கு மேலே கயிறுகளில் தொங்கியது. நிரோஜினி அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"அம்மா."

'டிங்' என்றது போன்.

அம்மா அதை அவளிடம் நீட்டினாள். "ஆரெண்டு பார். பலத்து வாசி பிள்ளை. இறக்க முதல் அவரும் கேக்கட்டும்."

கயிறு பிடித்தவர்கள் அப்படியே நின்றார்கள். திரையில் ஒரு பச்சை எண். காலையில் பார்த்ததைவிடக் கூடின விலை. நிரோஜினி நிமிர்ந்தாள். குழிக்கு அந்தப் பக்கம் ஜக்சன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு இறுகி அவன் விரல்கள் வெளிறியிருந்தன.

"துறைமுகத்தில ஒண்டா வேலை செய்த ஆளாம்" என்றாள். கயிற்றைப் பார்த்தாள். "'பேணாட் அண்ணை கயிறு பிடிச்சாக் கப்பல் அசையாது' எண்டு எழுதியிருக்கு."

"பேர் போடேல்லையா?"

"போடேல்லம்மா."

அம்மா பெட்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"குடு" என்றது ஒரு குரல். "குடு... குடு... பிடி. மெல்லக் குடு."

பெட்டி அடியில் போய் அமர்ந்தது. மற்றவர்கள் தங்கள் கயிறுகளை உருவிச் சுற்றத் தொடங்கினார்கள்.

"சேர்ந்திட்டுது தம்பி, விடு" என்றார் கயிறு கொடுத்தவர்.

ஜக்சன் விடவில்லை. கயிறு தளர்ந்து பெட்டி மூடியில் வளைந்து கிடந்தது. நுனி அவன் கையில் சுற்றியபடியே இருந்தது. நிரோஜினியின் உள்ளங்கையில் போன் மறுபடி அதிர்ந்தது. அம்மா காதை அவள் பக்கம் சாய்த்தாள்.