ஒண்ணும் செய்யாதீங்க

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை பார்க்கும் ஆனந்தராஜுக்கு வைத்தியம் என்றால் உசிரு. யாராவது இருமினால் போதும், "ஆஸ்பத்திரிக்குப் போனியா?" என்று தொடங்கிவிடுவார். ஊசிக்குப் பயப்படுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. அப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள் தென்றலுக்கு, ஏழு வயதில், கழுத்துக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. மனுஷன் சும்மா இருப்பாரா?

முதலில் அவருடைய அக்கா பாஞ்சாலை வந்து ஒரு வாரம் எண்ணெய் போட்டு நீவிவிட்டாள். வீக்கம் முதுகுக்கு இறங்கியது. பிறகு எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் தோளைப் பிடித்து இழுத்து, பச்சிலை வைத்து இறுக்கிக் கட்டினார். இரண்டு மாதத்தில் வீங்கின இடமெல்லாம் கல்லாக இறுகி, பிள்ளையின் இடது கை தோளுக்கு மேல் எழும்பாமல் போயிற்று. ஆனந்தராஜ் சளைக்கவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசி போட்டு, கடைசியில் கட்டியை வெட்டியும் எடுத்தார்கள். வெட்டிய இடத்தில் முன்னைவிடப் பெரிதாக ஒன்று முளைத்தது.

"பெத்த புள்ளைக்கு இவரு மாதிரி யாரு பார்ப்பா?" என்று தெருவே மெச்சியது.

2007இல் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினார். இரண்டு வருஷத்து எக்ஸ்ரே படங்களும் பையில் இருந்தன. அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த இளவயது டாக்டரம்மா பையைத் தொடவில்லை. தென்றலின் செருப்பைக் கழற்றச் சொன்னார். இரண்டு காலிலும் கட்டைவிரல் குட்டையாக, உள்பக்கம் வளைந்திருந்தது.

"பொறந்ததுலேர்ந்து இப்படித்தானா?"

"ஆமாங்க. அது கெடக்குது, முதுகப் பாருங்க."

"விரலப் பாத்தாலே தெரியுது. இது மரபணுவுல வர்ற கோளாறு. பத்து லட்சம் பேர்ல ஒருத்தருக்கு வந்தா அதிகம். சதை எலும்பா மாறிக்கிட்டே போகும். அழுத்தினா, வெட்டினா, சதையில ஊசி போட்டா, அந்த எடத்துல புதுசா எலும்பு வளரும்."

ஆனந்தராஜ் மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். எண்ணெய், கட்டு, ஊசி, கத்தி.

"அப்ப நான் பண்ணினதெல்லாம்?"

"தெரிஞ்சா பண்ணினீங்க?" என்றார் டாக்டரம்மா மெதுவாக.

"இனிமே என்னங்க பண்ணணும்?"

"ஒண்ணும் செய்யாதீங்க. கீழ விழாம பாத்துக்குங்க. வீக்கம் வந்தா நேரா இங்க வாங்க, மாத்திரை தரேன். வேற யாரையும் தொட விடாதீங்க."

வீட்டை விற்கச் சொல்லியிருந்தால்கூடச் சந்தோஷமாக விற்றிருப்பார். சும்மா இருப்பதுதான் அவருக்குத் தெரியாத வேலை. அதையும் கற்றுக்கொண்டார். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த பாஞ்சாலையை வாசலிலேயே மறித்தார். "பொட்டப் புள்ளதானேன்னு கைகழுவிட்டான்" என்று அவள் தெருவெல்லாம் சொல்லிவிட்டுப் போனாள். மெச்சிய தெரு அதையும் நம்பியது.

மறுவருஷம் தென்றல் அஞ்சாம் வகுப்பு. ஸ்கூலுக்குத் தடுப்பூசி போட வந்தார்கள். ஆனந்தராஜ் வேலையைப் போட்டுவிட்டு ஓடி, நர்ஸம்மாவிடம் புதுச்சேரி டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தை நீட்டினார்.

"சதையில போடுற ஊசிங்க. இவளுக்கு வேணாங்க."

நர்ஸம்மா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்படி ஒரு நோயை நான் கேள்விப்பட்டதே இல்ல. ஊசிக்குப் பயந்துக்கிட்டுக் கதை கட்டாதீங்க. உங்களை மாதிரி ஆளுங்களாலதான் நாடு உருப்படல."

இதே வார்த்தையை ஆனந்தராஜே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! 'தந்தை மறுப்பு. விழிப்புணர்வு இல்லை' என்று நோட்டில் எழுதினார்கள். அதன் கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மகளோடு வெளியே வந்தார்.

கேட்டருகே அவருடைய கம்பெனியில் மூட்டை தூக்கும் பாவாடை நின்றிருந்தான். பக்கத்தில் அவன் மகள் துர்கா, தென்றலின் வகுப்புத்தான்.

"அண்ணே, நீங்களே வேணாம்னுட்டீங்க. அதான் நானும் தைரியமா எம்பொண்ண ஊசி போடாம வெளிய இட்டுக்கினு வந்துட்டேன்."

"அடப்பாவி!"

பாவாடையின் கையைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்துப் போனார் ஆனந்தராஜ். துர்காவை நாற்காலியில் உட்கார வைத்து, "இந்தப் புள்ளைக்குப் போடுங்கம்மா" என்றார்.

நர்ஸம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "சொந்தப் பொண்ணுக்கு வேணாம், ஊரான் பொண்ணுக்கு மட்டும் வேணுமாக்கும்?"

"ஆமாங்க."

துர்கா ஊசியைப் பார்த்ததும் வீறிட்டாள். தென்றலால் கழுத்தைத் திருப்ப முடியாது. உடம்போடு மொத்தமாகத் திரும்பி, வலது கையை அவளிடம் கொடுத்தாள்.

"கண்ண மூடிக்கோடி. எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்."

"நீதான் போட்டுக்கவே இல்லையே, ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கப்பாவப் பத்தி ஒனக்குத் தெரியாது. ஊர்ல இருக்குற ஊசியெல்லாம் எனக்குப் போட்டாச்சு" என்றாள் தென்றல்.